சாகாத சங்கிலி

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் நகரம். அங்குள்ள வனவியல் கல்லூரியின் ஆய்வுக்கூடம். காலம் 1950களின் நடுப்பகுதி. காற்றுப் புகாத கண்ணாடிக் கலத்தில் பச்சை நிறக் கரைசல் ஒன்று இருந்தது. துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீனும் சோடியமும் சேர்ந்து உண்டான பச்சை அது. அதில் ஸ்டைரீனைச் சேர்த்ததும் கரைசல் சிவந்தது. ஸ்டைரீன் மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலிகளாயின. சற்று நேரத்தில் ஸ்டைரீன் தீர்ந்தும் போயிற்று. ஆனால் சிவப்பு மட்டும் மங்கவில்லை.

வேலை முடிந்தது என்று கலத்தைக் கழுவி வைத்திருக்கலாம். மைக்கேல் ஷ்வார்ட்ஸ் அப்படிச் செய்யவில்லை. 1909ல் போலந்தில் பிறந்து, பாலஸ்தீனம், மான்செஸ்டர் என்று ஊர் ஊராகப் போய், 1952ல் சிரக்யூஸ் வந்து சேர்ந்தவர் அவர். கலத்தில் இன்னும் கொஞ்சம் ஸ்டைரீன் சேர்த்தார். கரைசல் மேலும் கெட்டியானது. நின்றுபோன சங்கிலிகள் விட்ட இடத்திலிருந்து வளர ஆரம்பித்திருந்தன.

அதுவரை பாலிமர் தயாரிப்பு பெரும்பாலும் அவசரக் குடித்தனம். சாதாரண முறையில் ஒரு சங்கிலி பிறந்து, வளர்ந்து, மடிய ஏறக்குறைய ஒரு விநாடிதான். எது எப்போது அறுபடும் என்பது தற்செயல். அதனால் குட்டையும் நெட்டையுமாக எல்லாம் கலந்தே கிடைக்கும். ஷ்வார்ட்ஸின் கலத்திலோ எல்லாச் சங்கிலிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்பி, ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு வளர்ந்தன. பூச்சரத்தின் நுனியில் முடிச்சு விழாதவரை தொடுத்துக்கொண்டே போகலாம் அல்லவா? மல்லிகை தீர்ந்தால் கனகாம்பரம். அவரும் ஸ்டைரீனுக்குப் பின் வேறொரு பொருளைக் கோத்துப் பார்த்தார். கோக்க முடிந்தது. 1956ல் வெளியான கட்டுரையில் இவற்றுக்கு ‘வாழும் பாலிமர்கள்’ என்று பெயர் வைத்தார்.

பலன் காலடிக்கே வந்தது. அவருடைய மாணவர் ரால்ஃப் மில்கோவிச் பின்னர் ஷெல் நிறுவனத்தில் சேர்ந்தார். இரு முனைகளிலும் கடினமான பாலிஸ்டைரீன், நடுவே ரப்பர் போன்ற பகுதி. சூடாக்கினால் உருகும், ஆறினால் ரப்பராக நிற்கும், கந்தகம் சேர்த்து வேகவைக்க வேண்டாம். 1960களில் ‘கிராட்டான்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த இந்த ரகம் செருப்பின் அடிப்பாகத்திலும், பசையிலும், சாலை போடும் தாரிலும் இடம்பிடித்தது.

சங்கடம் ஒன்று இருந்தது. இந்த உயிர் மகா ஆசாரம் பார்க்கும். ஒரு சொட்டுத் தண்ணீர், கொஞ்சம் காற்று பட்டால் போதும், சிவப்பு மறைந்துவிடும், சங்கிலி செத்துவிடும். இத்தனை மடி பார்த்தால் தொழிற்சாலையில் எத்தனை பொருட்களைத்தான் செய்ய முடியும்?

விடை 1995ல் வந்தது. ஜப்பானின் கியோட்டோவில் மிட்சுவோ சவாமோட்டோ, அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் இன்னொரு போலந்துக்காரரான கிரிஸ்டோஃப் மட்யஷெவ்ஸ்கி. இருவரும் தனித்தனியே கண்ட வழி, சங்கிலியைத் தூங்கவைப்பது. வளரும் நுனிகள் இரண்டு மோதினால்தானே சாவு? நுனியில் ஒரு புரோமின் அல்லது குளோரின் அணுவை மூடியாகப் போட்டார்கள். பிட்ஸ்பர்கில் தாமிரச் சேர்மம் அந்த மூடியைக் கழற்றி, சங்கிலி சற்று வளர்ந்ததும் மீண்டும் மாட்டிவிடும். எந்த நேரத்திலும் மிகச் சில நுனிகளே விழித்திருப்பதால் மோதல் அரிது. ஒரு விநாடி ஆயுள் பல மணி நேரத்துக்கு நீண்டது. நட்சத்திரம் போலவும் பிரஷ் போலவும் வடிவங்கள், மருந்தைச் சுமக்க முயலும் நுண்ணிய உருண்டைகள் எல்லாம் இந்தப் பொறுமையின் பிள்ளைகள்.

ஆனாலும் அரிது என்றால் அறவே இல்லை என்று பொருளல்ல. சில சங்கிலிகள் செத்துத்தான் போகின்றன. அப்படியானால் இதை ‘வாழும்’ என்று சொல்லலாமா? வேதியியலாளர்களிடையே சர்ச்சை மூண்டது. 1991ல் ஜப்பானின் கியோட்டோ பரிசு பெற்ற ஷ்வார்ட்ஸ் 2000ல் காலமானார். நோபல் அவருக்குக் கிடைக்கவில்லை. 2010ல் வேதியியலின் சர்வதேச அமைப்பு, புதிய ரகத்தை அந்தச் சொல்லால் அழைப்பதைத் தவிர்க்கச் சொல்லி, வாயில் நுழையாத நீண்ட பெயர் ஒன்றைப் பரிந்துரைத்தது.

பெயர் எதுவானாலும் ஆய்வுக்கூடங்களில் சோதனை மாறவில்லை. சங்கிலிக்கு உயிர் இருக்கிறதா என்று அறிய, சிரக்யூஸில் அவர் செய்ததையே இன்றும் செய்கிறார்கள். இன்னும் கொஞ்சம் ஊற்றிப் பார்க்கிறார்கள்.