இரண்டு அங்குலம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் படமெடுக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, அச்சாலையிலிருந்து கடல் பெரும்பாலும் தெரியாது என்பதைத்தான். சவுக்குத் தோப்புகளும் சுற்றுச்சுவர்களும் அதை மறைத்தபடியே உடன் வரும். புதுச்சேரிக்குத் தெற்கே சாலை இன்னும் உள்வாங்கிக் கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று வயல்களுக்கிடையே போய்விடும். கடல் வேண்டுமென்றால் வண்டியிலிருந்து இறங்கி, ஏதேனும் ஒரு மீனவர் குப்பத்தின் தெரு வழியாக நடந்தாக வேண்டும். மனிதர்களைக் கடக்காமல் கடலை அடைய இயலாது. இந்த எளிய உண்மை எங்களுக்கு விளங்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

நாங்கள் மூவர், கல்லூரிக் காலத்திலிருந்து நண்பர்கள். 2002ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில் ஒரு பழைய காரில் சென்னையிலிருந்து தரங்கம்பாடி வரை சென்றோம். மூவருக்கும் சேர்த்து ஒரே கேமரா, நான்கு பிலிம் சுருள்கள். சுருளுக்கு 36 படம் என்பதால் ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்துவதற்கு முன்பும் ஒரு விவாதம் நடக்கும். சென்ற தை மாதத்தில் அதே வழியில் மறுபடியும் போனோம். இம்முறை எண்ணிக்கைக் கவலை இல்லை. மூன்று நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்திருந்தோம். விவாதங்கள் மட்டும் நின்றுபோயிருந்தன.

சோழமண்டலக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. ஆகவே விடியலில் ஒளி எதிரிலிருந்து வரும். படகும் ஆளும் பாறையும் கரிய நிழலுருக்களாகிவிட, நீர் மட்டும் பொன்னாக மின்னும். எல்லோரும் விரும்புகிற படம் அது. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு கண்கூசும் வெள்ளை வெளிச்சம். பிற்பகலில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் சாய்ந்த பிறகுதான் கடல் தன் நீலத்தைக் காட்டும். மாமல்லபுரத்தில் விடியலுக்கும் புதுச்சேரியில் மாலைக்குமாகக் காத்திருந்தோம். உப்புக்காற்று லென்சின்மேல் மெல்லிய படலமாகப் படியும். அதை அவசரமாகத் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். முக்காலியின் கால்கள் ஒவ்வோர் அலைக்கும் மணலில் சிறிது புதையும், அடிவானம் சாயும். இவையெல்லாம் சொல்லித் தெரிவதில்லை, கெடுத்துத்தான் தெரியும்.

ஆனால் எங்கள் கலையின் உண்மையான உழைப்பு வேறொன்றில் இருந்தது. ஆட்கள் விலகும்வரை காத்திருப்பதில். வலையிழுப்பவர் நகர வேண்டும், மீன்கூடையோடு போகும் பெண் சட்டகத்தைத் தாண்ட வேண்டும், நாய் எழுந்து போக வேண்டும். கடல் தனியாக வேண்டும். ஒளியைக் குறைக்கும் ஃபில்டரை மாட்டி ஷட்டரை அரை நிமிடம் திறந்துவைத்தால் அலைகள் பனிமூட்டம்போல் ஆகிவிடும். நடந்து போகிற மனிதர்கள் படத்தில் பதியவே மாட்டார்கள். அந்த வசதி எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் காலை தரங்கம்பாடி. டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்னும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1845இல் அவர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கோயிலான அதன் முன்பகுதியை அலைகள் சிறிது சிறிதாகக் கொண்டுவிட்டன. 2002இல் கோட்டையருகே வடக்கு நோக்கி நின்று, வலப்புறம் கடலும் நடுவே தொலைவில் இடிந்த கோயிலுமாக ஒரு படம் எடுத்திருந்தோம். எங்கள் மூவர் வீட்டுச் சுவரிலும் இன்றுவரை தொங்குவது அதுதான். அதே இடத்தில் நின்று அதே படத்தை மறுபடி எடுப்பதுதான் இப்பயணத்தின் நோக்கம்.

அந்தப் படத்தின் வரலாற்றில் ஒரு சிறு விவரம் உண்டு. 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 24×36 மில்லிமீட்டர். 8×12 அங்குலத் தாளில் அது முழுமையாக அமரும். நாங்கள் வாங்கி வைத்திருந்த மரப் பிரேம்களோ 8×10. இரண்டு அங்குலம் போயாக வேண்டும். எந்தப் பக்கம் வெட்டலாம் என்று ஸ்டுடியோக்காரர் கேட்டபோது, யோசிக்காமல் இடப்பக்கம் என்றோம். அங்கே ஒரு சிறுவன் நின்றிருந்தான். வெட்டிய பின்பும் அவனுடைய ஒரு முழங்கையும் பச்சைச் சட்டையின் தோளும் ஓரத்தில் மிச்சமாக நின்றுவிட்டன. பிரேமின் விளிம்பு அதைப் பாதி மறைத்ததால் பொருட்படுத்தவில்லை.

பழைய இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதாக இல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை வந்த ஆழிப்பேரலை அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தவர்கள் விரும்பினால் உட்புறம் கட்டித்தரப்படும் வீடுகளுக்கு இடம் மாறலாம் என்று 2005இல் அரசாணை வந்தது. கட்டுமரங்கள் கிடந்த கரையில் இப்போது பைபர் படகுகள். மணல் சரிந்திறங்கிய இடத்தில் கருங்கல் அடுக்கு. கையிலிருந்த செல்பேசியில் பழைய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தோம்.

படகு நிழலில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் தேடுறீங்க?"

படத்தைக் காட்டினோம். கடலையோ கோயிலையோ அவர் பார்க்கவில்லை. விரல் நேராக இடது ஓரத்துக்குச் சென்றது.

"பாதி ஆளா நிக்கிறானே. மிச்சம் எங்க சார்?"

வெட்டிவிட்டோம் என்று சொல்ல நா எழவில்லை. அதற்குள் அவர் யாரையோ கூப்பிட்டார். இரண்டு பெண்கள் வந்தார்கள், பின்னாலேயே இன்னொருவர். செல்பேசி கைமாறிக் கைமாறிப் போயிற்று. முழங்கை பெரிதாக்கப்பட்டது. எந்த வருடம், எந்த மாதம் என்று கேட்டார்கள். மூன்று பெயர்கள் சொல்லப்பட்டன. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. இருவர் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் இல்லாதவர்கள். மூன்றாமவர் வளைகுடா நாடொன்றில் வேலையில் இருக்கிறாராம்.

"அவன் இவ்ளோ ஒல்லி இல்லடி."

"சின்னதுல ஒல்லிதான். எனக்குத் தெரியாதா?"

அவர்களில் வயதில் மூத்தவர் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. செல்பேசியைத் திருப்பித் தரும்போது மட்டும் சொன்னார்: "அலைக்கு முன்னாடி எடுத்த படம் எங்க வீட்டுல ஒண்ணுகூட இல்ல தம்பி. எல்லாம் பெட்டியோட போயிடுச்சு."

அன்று நாங்கள் அங்கே படம் எடுக்கவில்லை. எடுப்பதற்கான ஒளி இருந்தது.

ஊர் திரும்பி நெகடிவைத் தேடினோம். மூவர் வீட்டுப் பரண்களும் இரண்டு வாரம் கலைக்கப்பட்டன. கடைசியில் ஒரு பிஸ்கட் டப்பாவில், ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய கீற்றுகளுக்கிடையே கிடைத்தது. ஸ்கேன் செய்து கணினித் திரையில் விரித்தபோது வெட்டுண்ட இரண்டு அங்குலமும் திரும்பி வந்தன. சிறுவன் முழுதாக நின்றிருந்தான். பத்து வயதிருக்கும். ஆனால் முகம் கடலைப் பார்த்திருந்தது. அவனுக்கு அப்பால் ஓலைக் கொட்டகைகள் மூன்று, ஒரு கொடிக்கயிறு, காயும் வலை.

அதைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது. "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு" என்று எங்களில் ஒருவர் அவனிடம் சொன்னோம். யார் சொன்னது என்று மூவருக்கும் இப்போது தெரியவில்லை. அவனும் கேள்வி கேட்காமல் இரண்டடி தள்ளி நின்றான். தள்ளி நிற்கச் சொன்ன நேரத்தில் திரும்பி நிற்கச் சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதை இப்போது எந்தக் கருவியாலும் செய்ய முடியாது.

படத்தைப் பெரியவரின் எண்ணுக்கு அனுப்பினோம். மறுநாள் இரவு அழைத்தார்.

"பையன் யாருன்னு இன்னும் முடிவாகல சார். ஆனா ஓரமா ரெண்டாவதா இருக்கே கொட்டாய், அது எங்களது. கயித்துல தொங்குற புடவையப் பாத்துட்டு எங்க வீட்ல சோறு திங்கல." சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "இத பெருசா போட்டுத் தர முடியுமா?" என்றார்.

அச்சிடும் கடையில் எல்லாம் மாறியிருக்கிறது. கணினியும் பெரிய அச்சு இயந்திரமும் வந்துவிட்டன. ஆனால் ஆயத்தமாகக் கிடைத்த பிரேம் இன்னும் 8×10தான். எந்தப் பக்கம் வெட்டலாம் என்று கேட்டார் மேசைக்குப் பின்னாலிருந்த இளைஞர். எந்தப் பக்கமும் வேண்டாம் என்றோம். அப்படியானால் பிரேமைத் தனியாகச் செய்ய வேண்டும், இரண்டு நாளாகும் என்றார். காத்திருந்து வாங்கி அனுப்பினோம்.