மதகும் கொடியும்

பனாமா சிட்டி, ஜனவரி 2025



தூத்துக்குடியிலிருந்து மைத்துனர் போன் செய்தார். "மச்சான், உங்க ஊர்க் கால்வாய அமெரிக்காக்காரன் திரும்ப எடுத்துக்கிடப் போறானாம்லா? பெட்டி படுக்கையெல்லாம் கட்டி வச்சிட்டியளா?"

சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் 20-ம் தேதி பதவியேற்ற டிரம்ப், தன் முதல் உரையிலேயே கால்வாயைத் திரும்ப எடுப்போம் என்று சொன்னபோது என் பக்கத்து வீட்டு அம்மா சிரிக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

அவருடைய தாத்தா பார்படோஸ் தீவிலிருந்து கால்வாய் வெட்ட வந்தவர். அன்றைக்கு இரண்டு சம்பளப் பட்டியல்கள் இருந்தன. அமெரிக்க வெள்ளையருக்குத் தங்கப் பட்டியல், தாத்தா போன்ற கறுப்பினக் கூலிகளுக்கு வெள்ளிப் பட்டியல். தபால் நிலையத்து ஜன்னலும் குடிதண்ணீர்க் குழாயும்கூட அப்படித்தான் பிரிந்து கிடந்தன. அமெரிக்கர் கட்டிய பத்தாண்டுகளில் 5,609 பேர் செத்ததாகக் கணக்கு. அதில் பெரும்பாலோர் வெள்ளிப் பட்டியலில் இருந்தவர்கள். பதவியேற்பு உரையில் அதிபர் 38,000 உயிர்கள் என்றார். முன்பு அவர்களை அமெரிக்கர்கள் என்றே சொல்லியிருக்கிறார். அந்த அம்மா தண்ணீர் ஊற்றப் போனதில் நியாயம் உண்டு.

"கட்டினோம், காசு கொடுத்தோம், ஏமாந்து கொடுத்துவிட்டோம்" என்பது அமெரிக்காவில் ஐம்பது வருஷத்துப் பாட்டு. 1976-ல் ரீகன் இதன் முதல் பாதியைச் சொல்லித்தான் கட்சிக்குள் ஓட்டுக் கேட்டார். கட்டியது அவர்கள்தான், மறுக்கவில்லை. கால்வாய் ஓடும் நிலம் கைக்கு வந்த கதைதான் வேறு. 1903 நவம்பர் 3-ல் பனாமா கொலம்பியாவிடமிருந்து பிரிந்தது. பதினைந்தாவது நாள், பனாமாவின் பெயரால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் பனாமாக்காரர் அல்ல. பூனோ-வாரியா என்ற பிரெஞ்சுக்காரர். நொடித்துப்போன பிரெஞ்சுக் கால்வாய்க் கம்பெனியின் சொத்தை விற்றுவிடத் துடித்தவர். பனாமாவின் தூதுக்குழு வாஷிங்டன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பத்து மைல் அகலப் பட்டை நிலம், என்றென்றைக்கும், இறையாண்மை இருப்பதுபோலவே ஆளும் உரிமையோடு. 'இருப்பதுபோல' என்று எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, இல்லை என்பது. ஹயகாவா என்ற அமெரிக்க செனட்டர், முறைப்படி திருடினோம் என்று வேடிக்கையாகச் சொன்னார். கடைசியில் கொடுத்துவிடலாம் என்று ஓட்டுப் போட்டதும் அவரே.

1964 ஜனவரி 9-ல் பனாமா பள்ளி மாணவர்கள் தங்கள் கொடியை ஏந்தி, அமெரிக்கர் மண்டலத்திலிருந்த பால்போவா பள்ளிக்குப் போனார்கள். கைகலப்பில் கொடி கிழிந்தது. அடுத்து வந்த நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட பனாமாக்காரர்களும் நான்கு அமெரிக்க வீரர்களும் இறந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடம் இப்போது கால்வாய் ஆணையத்தின் பயிற்சி மையம். முதலில் சுடப்பட்ட மாணவர் அஸ்கானியோ அரோசெமெனாவின் பெயர்தான் அதற்கு. வாசலில் தூண்களில் பெயர்கள், நடுவில் அணையா விளக்கு. இந்த மாதமும் பக்கத்து வீட்டு அம்மா போய் வந்தார்.

1977-ல் கால்வாயைத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் அமெரிக்க அதிபர் கார்ட்டரும் பனாமாவின் தலைவர் டோரிஹோஸும் கையெழுத்திட்டார்கள். அமெரிக்க செனட்டில் 68-க்கு 32. தேவையானதைவிட ஒரே ஒரு ஓட்டு அதிகம். 1999 டிசம்பர் 31-ல் கால்வாய் முழுதாகக் கை மாறியது. இடையில் 1989 டிசம்பர் 20-ல் பனாமாவின் ராணுவ ஆட்சியாளர் நொரியேகாவைப் பிடிக்க அமெரிக்கப் படை இறங்கியது. எல் சொரியோ குடியிருப்பு எரிந்தது. அன்று கால்வாயை மூடிவிட்டார்கள். பலத்தால் கால்வாயைக் காப்போம் என்பவர்கள் அந்த ஒரு நாளை நினைத்துப் பார்க்கலாம்.

நான் கப்பலில் இன்ஜினியராக இருந்தபோது ஏழெட்டு முறை இதைக் கடந்திருக்கிறேன். வேறு துறைமுகங்களில் பைலட் வழி சொல்பவர் மட்டுமே, பொறுப்பு கேப்டனுடையது. இங்கே பைலட் ஏறியதும் கப்பலே அவர் கைக்குப் போய்விடும். எங்கள் கேப்டன்களில் ஒருவருக்கும் இது பிடித்ததில்லை. பனாமாக்காரனுக்கு ஓட்டத் தெரியாது என்று அந்நாளில் சொன்னவர்கள் கப்பலை ஓட்டும் அந்த பிரிட்ஜில் ஒருநாள் நின்றிருக்க வேண்டும். அமெரிக்கர் வரவும் செலவும் சரிக்கட்ட நடத்தியதை, இவர்கள் வருஷத்துக்கு 500 கோடி டாலர் அளவுக்கு வருவாய் தரும் தொழிலாக்கினார்கள். 2016-ல் பெரிய கப்பல்களுக்குப் புதுப் பாதையும் திறந்தார்கள்.

கால்வாயைச் சீனா நடத்துகிறது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. இரு முனைகளிலும் உள்ள பால்போவா, கிறிஸ்டோபல் துறைமுகங்களை 1997 முதல் நடத்தி வந்தது ஹாங்காங் கம்பெனி ஒன்று. அது கவலைப்பட வேண்டிய விஷயமாகவே இருக்கட்டும். துறைமுகக் குத்தகை வேறு, கால்வாய் வேறு. கால்வாயின் கதவைத் திறந்து மூடுவது பனாமா ஆணையம். கால்வாயின் நடுநிலைக்கு ஆபத்து வந்தால் காக்கும் உரிமை 1977 ஒப்பந்தப்படி அமெரிக்காவுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

உண்மையான சங்கடம் வேறெங்கோ இருக்கிறது. நம் ஊர் ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். காட்டுன் ஏரி கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே. கப்பலைத் தொட்டிக்குள் விட்டு, கதவடைத்து, ஏரித் தண்ணீரை இறக்கினால் கப்பல் படிப்படியாக ஏறும். மறுபக்கம் அப்படியே இறங்கும். ஒரு கப்பலுக்குச் சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. பம்பு கிடையாது, எல்லாம் சாக்ரஸ் ஆற்று மழை. நான் குளிப்பதும் குடிப்பதும் அதே தண்ணீர்தான். 2023-ல் மழை பொய்த்தது. நாளைக்கு 36 கப்பல் போன இடத்தில் 22 ஆகக் குறைந்தது. வரிசையைத் தாண்டிப் போக ஒரு ஜப்பானியக் கம்பெனி ஏலத்தில் சுமார் 40 லட்சம் டாலர் கொடுத்தது. எந்தக் கொடியைப் பறக்கவிட்டாலும் ஏரி நிரம்பாது.

பனாமாவின் கையில் இருப்பதாலேயே எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். கால்வாய் தொடங்கும் கோலோன் நகரத்தின் தெருக்களில் கால்வாய்ப் பணத்தைத் தேடினாலும் கிடைக்காது. தண்ணீருக்காக இந்தியோ ஆற்றில் அணை கட்டத் திட்டம். கரையோரம் விவசாயம் செய்யும் ஏறக்குறைய 2,000 பேர் ஊரை விட்டுப் போக வேண்டும். கால்வாய் நம்முடையது என்ற கோஷத்தில் அவர்கள் குரல் கேட்கவில்லை.

இதையெல்லாம் மறுபடி பேசியபோது மைத்துனரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "அது கெடக்கட்டும், அங்க மழை உண்டா?" என்றார்.

மே மாதம்தான் என்றேன்.