பால் காய்ச்சும் நாளுக்குள் எது முடிந்திருக்க வேண்டும்?

மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்து மூவர் உற்சவம். நாயன்மார்களைச் சுமந்த பல்லக்குகள் ஒன்றன் பின் ஒன்றாக மாட வீதிகளில் வலம் வரும். எது முன்னால், எது பின்னால், தோள் கொடுப்பவர் களைத்துவிட்டால் மாற்று ஆள் எங்கே, கூட்டம் நெருக்கினால் எங்கே நிறுத்துவது? இதையெல்லாம் யாரோ பார்த்துக்கொண்டே இருப்பதால்தான், மோர் வாங்கிக் குடித்துவிட்டு நிம்மதியாகக் கும்பிட முடிகிறது.

நம் கையில் இருக்கும் மொபைலுக்குப் பின்னாலும் இப்படி ஓர் ஊர்வலம் நடக்கிறது. இன்றைய பெரிய ஆப்கள் பலவும் ஒரே புரோகிராமாக இருப்பதில்லை. பணம் கட்ட ஒன்று, தேட ஒன்று, மெசேஜ் அனுப்ப ஒன்று எனத் தனித்தனித் துண்டுகள். ஒவ்வொன்றையும் அதற்குத் தேவையான சாமான்களோடு ஒரு பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள். அதற்குப் பெயர் கன்டெய்னர். துறைமுகத்து கன்டெய்னரின் அதே யோசனைதான். உள்ளே எது இருந்தாலும் வெளியே ஒரே அளவு. எந்தக் கிரேனும் தூக்கும். நாட்டிலேயே முதல் தனி கன்டெய்னர் முனையம் 1983-ல் நம் சென்னைத் துறைமுகத்தில்தான் திறக்கப்பட்டது என்பதால், சென்னைக்காரர்களுக்கு இது புதுக்கதை இல்லை.

பெட்டிகள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டால்? எந்தப் பெட்டியை எந்த கம்ப்யூட்டரில் ஏற்றுவது, ஒன்று நின்றுபோனால் அதன் இடத்தில் இன்னொன்றை எப்படி வைப்பது என்று பார்க்க ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். கூகுள் 2014 ஜூனில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட 'குபர்னெட்டிஸ்' அந்த வேலையைத்தான் செய்கிறது. கிரேக்க மொழியில் கப்பலின் சுக்கானைப் பிடிப்பவர் என்று அர்த்தம். நம் பழைய தமிழில் மீகாமன்.

சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் வசிக்கும் 26 வயதுப் பெண்ணுக்கு இந்த மீகாமனோடுதான் தினசரி வேலை. ஓ.எம்.ஆரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அவளுடைய டீம் சொந்தமாக உருவாக்கிய ஒரு கருவியின் 1.0 பதிப்புக்குத் தேதி குறித்தாகிவிட்டது. பட்டியலில் 30-க்கும் மேல் அம்சங்கள். கையில் இருப்பதோ ஆறு வாரம். எது உள்ளே, எது வெளியே என்று அவள்தான் பிரித்துத் தர வேண்டும். அந்தப் பட்டியலில் அவளே மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய அம்சமும் ஒன்று.

"ஏண்டி, தோசை ஆறிப் போச்சு. லேப்டாப்பையே முறைச்சுக்கிட்டிருக்க?" என்றார் அம்மா.

"எதை எடுக்கிறதுன்னே தெரியலம்மா. ஆளாளுக்கு அவங்கவங்க கேட்டது வேணும்கிறாங்க."

"இந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் பண்ணினப்போ அலமாரிக்குக் கதவே கிடையாது, தெரியுமா? வெளியில பெயின்ட்டும் அடிக்கல. ஆனா குழாயில தண்ணி வந்துச்சு, கரன்ட் இருந்துச்சு, வாசக்கதவுக்குப் பூட்டு இருந்துச்சு. எல்லாம் முடியட்டும்னு உங்கப்பா காத்திருந்தா, வாடகையும் வட்டியும் சேர்த்துக் கட்டியே ஓஞ்சு போயிருப்போம்."

"சரிம்மா, எது முன்னாடி, எது பின்னாடின்னு எப்படி முடிவு பண்ணினீங்க?"

"சுவத்தை இடிக்காம அப்புறம் செஞ்சுக்கிற மாதிரி இருந்தா, அப்புறம். சுவத்துக்குள்ள போற பைப்பும் வயரும் மட்டும் முதல்லயே."

அம்மா சொன்ன இதே கணக்கைத்தான் குபர்னெட்டிஸ் குழுவும் போட்டது. 2015 ஜூலை 21 அன்று அதன் 1.0 வெளியானது. கன்டெய்னர்களைச் சேர்த்து வைக்கும் 'பாட்', அவற்றுக்கு நிலையான முகவரி தரும் 'சர்வீஸ்', நின்றுபோனதற்கு மாற்று வைக்கும் 'ரெப்ளிகேஷன் கன்ட்ரோலர்', பாஸ்வேர்டுகளைத் தனியே வைக்க ஒரு வசதி. இவையெல்லாம் உள்ளே வந்தன. சுவருக்குள் போகும் பைப்புகள்.

இன்று குபர்னெட்டிஸ் என்றதும் நினைவுக்கு வரும் பல அம்சங்கள் அந்த முதல் பதிப்பில் இல்லை. கூட்டத்துக்கு ஏற்பத் தானாகவே பெட்டிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி, அதே ஆண்டு நவம்பரில் 1.1-ல் வந்தது. புதுப் பதிப்புகளைப் படிப்படியாக மாற்றித் தரும் 'டெப்ளாய்மென்ட்' பரவலான பயன்பாட்டுக்கு வந்தது 2016 மார்ச்சில், 1.2-ல். டேட்டாபேஸ் போன்றவற்றுக்கான 'ஸ்டேட்ஃபுல்செட்' நிலையான அம்சமாக அறிவிக்கப்பட 2017 டிசம்பர் ஆனது.

அளவிலும் பேராசை இல்லை. கூகுள் தன் சொந்த வேலைக்கு வைத்திருந்த 'போர்க்' என்ற அமைப்பு, ஒரு தொகுதியில் சுமார் 10,000 கம்ப்யூட்டர்களை மேய்த்துக்கொண்டிருந்தது. அந்த அனுபவம் உள்ளவர்கள்தான் குபர்னெட்டிஸையும் தொடங்கினார்கள். ஆனாலும் 1.0-க்கு அவர்கள் குறித்த எல்லை 100 கம்ப்யூட்டர்கள். அந்த 100 ஒழுங்காக ஓட வேண்டும் என்பதுதான் முக்கியம். இன்று அந்த எல்லை 5,000.

1.0 என்பது வெறும் எண் இல்லை, வாக்கு. 'இதை நம்பி நீங்கள் வீடு கட்டலாம். நாளைக்கு அஸ்திவாரத்தை மாற்ற மாட்டோம்' என்ற வாக்கு. அதற்கு முன்னால் வந்த சோதனைப் பதிப்புகளில் கட்டளை எழுதும் வடிவம் மூன்று முறை மாறியது. 1.0-க்குப் பிறகு அப்படி மாற்ற முடியாது. ரெப்ளிகேஷன் கன்ட்ரோலரைவிட நல்ல வழி வந்து பல வருடங்கள் ஆன பிறகும், அதை நீக்காமல் வைத்திருக்கிறார்கள். கொடுத்த வாக்குக்கு விலை அதுதான். அதனால்தான் முதல் பதிப்பில் எதைச் சேர்க்கிறோம் என்பதில் அவ்வளவு பயம். விட்டுப்போனதை அப்புறம் சேர்க்கலாம். சேர்த்ததைத் திரும்ப எடுப்பது கஷ்டம்.

தமிழர்களுக்கு இந்த வலி தெரியும். ஒரு ஃபான்ட்டில் அடித்த கடிதம், இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் கட்டங்களும் புள்ளிகளுமாகப் பல்லிளித்த காலம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஃபான்ட்டும் எழுத்துகளுக்குத் தன் இஷ்டத்துக்கு இடம் கொடுத்திருந்ததே காரணம். யூனிகோடு அந்தக் கதையை முடித்தது. 1991-ல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 'ஶ' என்ற கிரந்த எழுத்து 2005-ல்தான் சேர்ந்தது. 14 வருடம் தாமதம் என்றாலும், அதற்காக 'அ'வோ 'க'வோ இடம் மாறவில்லை. அதனால்தான் அன்று யூனிகோடில் அடித்த தமிழை இன்றைய மொபைலிலும் படிக்க முடிகிறது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் பட்டியலை அனுப்பினாள். உள்ளே 11 அம்சங்கள். மற்றதெல்லாம் 'அடுத்த பதிப்பு' என்ற தலைப்பின் கீழே. அந்த இரண்டாவது பட்டியலில் முதலாவதாக இருந்தது, அவள் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியது. மற்றவர்கள் கேட்டதை வெளியே வைத்துவிட்டுத் தன்னுடையதை உள்ளே வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. கஷ்டமாக இருந்தது என்பதை மட்டும் அம்மாவிடம் மறைக்கவில்லை.

"அலமாரிக்குக் கதவு எப்பம்மா போட்டீங்க?"

"நீ மூணாவது படிக்கிறப்போ. அதுவரைக்கும் என் பழைய புடவைதான் திரை" என்றார் அம்மா. "அந்தத் திரைக்குப் பின்னாடிதான் நீ ஒளிஞ்சு விளையாடுவ."