தெப்பக்குளக் கரையில் ஓர் ஆலயம்

நாகப்பட்டினத்துத் துறையில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கு சென்று, அங்கே உபாத்தியாயராக ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, நெடுங்காலத்திற்குப் பின் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பியபோது, நந்தி கோயில் தெருவிலும் சின்னக்கடை வீதியிலும் நான் அறிந்த முகங்களுள் ஒன்றையேனும் காணாமல் மனம் சோர்ந்தது. ஆயினும் தெப்பக்குளக் கரையை அடைந்ததும், ஒருபுறம் உச்சிப் பிள்ளையார் வீற்றிருக்கும் மலைக்கோட்டையும், மறுபுறம் லூர்து மாதா ஆலயத்தின் உயர்ந்த கோபுரமும் பழைய கம்பீரத்துடன் நிற்கக் கண்டு, என் ஊருக்குத்தான் வந்திருக்கிறேன் என்று தேறினேன்.

அவ்வாலயம் அமைந்துள்ள புனித வளனார் கல்லூரியே எனக்குக் கல்விக்கண் திறந்தது. 1773-இல் போப்பாண்டவரின் ஆணையால் கலைக்கப்பெற்று, 1814-இல் மீண்டும் உயிர்பெற்ற இயேசு சபையின் துறவியர், 1844-இல் நாகையில் இதனை ஸ்தாபித்தனர். 1866-இல் சென்னை சர்வகலாசாலையுடன் இணைக்கப்பெற்ற இக்கல்லூரி, 1883-இல் திருச்சிக்குப் பெயர்ந்தது. நான் தாய்நாட்டை விட்டகன்ற அதே துறைமுகப் பட்டினத்திலிருந்துதான் என் கல்லூரி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு நெகிழ்கிறது.

ஆலயமும் அவ்வாறே தூரதேசத்து நினைவைச் சுமந்து வந்ததுதான். 1858-இல் பிரான்சின் பிரனீஸ் மலையடிவாரத்தில், பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமிக்கு மாதா காட்சியளித்ததாகக் கிறிஸ்தவர்கள் விசுவசிக்கும் லூர்து நகரின் பெயரைத் தாங்கி, கோதிக் சிற்ப முறையில் எழுப்பப்பட்ட இதன் கூரிய வளைவுகளை அண்ணாந்து நோக்கியவாறு, பரீட்சைக் காலங்களில் நெற்றியில் திருநீறு அணிந்த மாணவர்களும் உள்ளே வந்து மௌனமாக அமர்ந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். இராமேசுவரத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, பிற்காலத்தில் ராஷ்டிரபதியாக விளங்கிய அப்துல் கலாமும் இக்கல்லூரியில் பௌதிகம் பயின்று, 1954-இல் பட்டம் பெற்றவரே.

கடல் கடந்து வந்த துறவியர் எழுப்பிய இக்கட்டடங்களை இன்று திருச்சியில் எவரும் அந்நியம் என்று கருதுவதில்லை. தலைமுறை தலைமுறையாக இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு அறிவூட்டிய தொண்டே அவற்றுக்கு ஊருரிமையை ஈட்டித் தந்தது. பிறந்த மண்ணைப் பிரிந்தோம் என்ற ஏக்கத்தை நெடுநாள் சுமந்திருந்த நான், பிறப்பினால் வரும் உரிமையைவிட உழைப்பினால் வரும் உரிமை தாழ்ந்ததன்று என்று இவ்வாலயத்தில் நின்று உணர்ந்தேன். பினாங்கில் நான் எழுத்தறிவித்த குழந்தைகள் உள்ளவரை அதுவும் என் ஊரே. திருச்சியும் என் ஊரே.