நேமே ஆய்

விடிகாலை நாலு மணிக்கு எங்கள் பால்கனிக்குக் கீழே நின்று ஒருவன் கூப்பிடுவான். "கோகோன்! நேமே ஆய்!" கீழே இறங்கி வாடா என்று அர்த்தம். அந்தக் குரலுக்கு எதிர்வீட்டு நாய் விழித்துக்கொள்ளும், அம்மா விழித்துக்கொள்வாள், மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா தாத்தா இரண்டு முறை இருமுவார். நான் மட்டும் எப்போதோ எழுந்து, சட்டை பேண்டெல்லாம் போட்டுக்கொண்டு, போர்வைக்குள் படுத்திருப்பேன். கூப்பிடட்டும் என்று.

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் வளர்ந்த எங்களில் பலருக்கு இரண்டு பெயர். ஒன்று ரேஷன் கார்டுக்கு, தாத்தா பெயர் அல்லது குலசாமி பெயர். மற்றது தெரு வைத்தது. வங்காளிகள் அதை டாக் நாம் என்பார்கள், கூப்பிடு பெயர். கோகோன் என்றால் சின்னப் பையன், அவ்வளவுதான். கீழே நிற்பவன் பல்ட்டு. அப்புறம் பாப்பாய், மணி. மணிக்கு மட்டும் தமிழிலும் வங்காளத்திலும் ஒரே பெயர். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்.

சென்னைக்கு வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. வேளச்சேரியில் வீடு. சொந்த ஊருக்கே வந்துவிட்டாயே, பிறகென்ன என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். தெருவுக்கு மூன்று கடையில் டிகிரி காபி கிடைக்கிறது, மல்லிகைப்பூவுக்கு யாரும் பேருந்து ஏறிப் போவதில்லை. கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் இல்லாத காபியில் ஏதோ ஒன்று குறைகிறது. அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஊரை விட்டு ஊர் வந்தவர்களுக்குப் புரியும். உங்களுக்கும் எங்கேயாவது ஒரு தெருவில் ஒரு பெயர் மிச்சமிருக்கும்.

1994 ஜனவரி. நாங்கள் நாலு பேர், மூன்று வண்டி. பல்ட்டு அப்பாவின் ராஜ்தூத், பாப்பாய் மாமாவிடம் இரவல் வாங்கிய புல்லட், மணியின் புத்தம் புது ஆர்.எக்ஸ். 100. எனக்கு வண்டி கிடையாது. ராஜ்தூத்தின் பின்சீட்டுதான் என் இடம், அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ராஷ்பிஹாரி அவென்யூவில் பனி மூடிக் கிடக்கும். மார்க்கெட் ஓரம் குண்டு பல்பின் கீழே பூக்காரர்கள் சாக்கை விரித்துச் சாமந்தியையும் மல்லியையும் கொட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த மஞ்சள் வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்து முதல் டிராம் வரும். முதலில் மணிச் சத்தம், அப்புறம் தண்டவாளம் முனகுவது, கடைசியில்தான் டிராம்.

அம்மா பால்கனியிலிருந்து கயிற்றில் பையை இறக்குவாள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, வாழையிலையில் பொதிந்தது. "பல்ட்டு, மெதுவா ஓட்டுடா." "ஆச்சா, மாமி." தமிழில் அவனுக்குத் தெரிந்த மரியாதைச் சொல் மாமி ஒன்றுதான். மற்றதெல்லாம் எங்களிடம் கற்றது, அம்மா காதில் விழக்கூடாதது.

ஹூக்ளியின் மேல் இரண்டாம் பாலம், வித்யாசாகர் சேது, 1992 அக்டோபரில்தான் திறந்திருந்தது. அதன்மேல் ஏறும்போது கீழே நதி இருக்கிறதா என்றே தெரியாத பனி. கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றங்கரையில் முதல் தேநீர், மண் குவளையில். குடித்துவிட்டு அதைக் கல்லில் வீசி உடைக்க வேண்டும். நாலு குவளை, நாலு சத்தம். இப்போது அலுவலகத்தில் காகிதக் குவளையைக் கசக்கிப் போடுகிறேன். சத்தமே வருவதில்லை.

நந்தகுமார், காந்தி (ஊர்தான், ஆங்கிலேயர் காண்டாய் என்றார்கள்), அங்கிருந்து ஜுன்புட். அங்கே தார்ச்சாலை முடியும். கடல் தொடங்க வேண்டிய இடத்தில் கடல் இருக்காது. சவுக்குத் தோப்பு, தாழம்புதர், கண்ணுக்கெட்டிய தூரம் கருவாடு காயும் மணல், அதற்கப்பால் ஒரு வெள்ளிக் கோடு. அதுதான் கடல். மேற்கே தாதன்பாத்ராபார், மந்தார்மணி, தாஜ்பூர், சங்கர்பூர், கடைசியில் திகா. அந்தக் கரை முழுவதையும் சாலை தொடாமல் ஓட்டிவிட வேண்டும் என்பது எங்கள் வெறி.

கரடுமுரடான கரை என்றால் நீங்கள் முட்டம், மணப்பாடு மாதிரிப் பாறைகளை நினைப்பீர்கள். வங்காளக் கரையில் பாறை கிடையாது. அதன் முரட்டுத்தனம் வேறு மாதிரி. தரை தட்டையாக இருக்கும், ஆனால் பொய் சொல்லும். கடல் அப்போதுதான் விட்டுப்போன நனைந்த மணலில் ஈரம் மணிகளை இறுக்கிப் பிடித்திருக்கும், சிமெண்டுத் தரை மாதிரி. பத்தடி மேலே வந்தால் காய்ந்த மணல், சக்கரத்தை விழுங்கும். பத்தடி கீழே போனால் சேறு. நடுவே கிடைக்கும் அந்த ஒற்றையடிப் பாதைக்காக டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, கால்மிதியில் எழுந்து நின்று, முன் பிரேக்கை மறந்துவிட்டு ஓட்டுவோம்.

எல்லாவற்றுக்கும் மேலே நேரம். திதி பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வருவது பொரா கோட்டால். கடல் அதிகம் ஏறும், அதிகம் இறங்கும். அஷ்டமியை ஒட்டி மொரா கோட்டால், செத்த ஓதம், கடலுக்கே சோம்பல். எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தை அப்பா ராகுகாலத்துக்குப் புரட்டினார், நான் கடலுக்குப் புரட்டினேன். பௌர்ணமிக்கு மறுநாள் உச்சி கழிந்து கடல் பின்வாங்கும். மாலைவரை எங்கள் ராஜ்யம். அதற்குள் கடக்காவிட்டால் திரும்பி வரும் தண்ணீர் மணல்மேட்டோடு சேர்த்து நெருக்கும்.

பிச்சாபோனி கால்வாய் கடலில் விழும் இடத்தில் மாட்டிக்கொண்டோம். வண்டிகளைப் படகில் ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டும். அந்த மோட்டார் படகுக்கு அங்கே பொட்போட்டி என்று பெயர், எங்கள் வண்டிக்கும் அதே பெயர்தான். ஏற்றும்போது ராஜ்தூத் அச்சு முழுகச் சேற்றில் இறங்கிவிட்டது. மீனவர்கள் ஆறு பேர் வலைக்கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். அவர்களில் மூத்தவர் ஊர்ப்பெயரின் கதையைச் சொன்னார். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் போலீஸ் அடித்தபோது பிச்சாபோ நா, பின்வாங்க மாட்டோம், என்று ஜனங்கள் கத்தினார்களாம். அதிலிருந்து வந்த பெயராம். அதே வருஷம் ராஜாஜியோடு வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்களின் கதையைத் தஞ்சாவூர்த் தாத்தா எனக்குச் சொல்லியிருக்கிறார். அதைப் பெரியவரிடம் சொன்னேன். "அங்கேயும் இதே கடலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தார். பல்ட்டு சேற்றில் நின்று "பிச்சாபோ நா!" என்று கத்த, ராஜ்தூத் ஒரு முழம் பின்வாங்கி இன்னும் ஆழமாக இறங்கியது.

கூலி வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். நாலு இட்லி வாங்கிக்கொண்டார்கள். மிளகாய்ப்பொடியில் ஒருவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றிரவு தாதன்பாத்ராபாரில் கருவாடு போடும் கொட்டகையில் படுத்தோம். அங்கே அதைக் கோட்டி என்பார்கள், என் காதுக்குக் கொட்டில் என்றே விழுந்தது. ஓலைச் சுவரில் நிலா ஒழுகிக்கொண்டிருந்தது. யாரும் பேசவில்லை. ராஜ்தூத்தின் எஞ்சின் ஆறும்போது டிக், டிக் என்று ஒரு சத்தம் வரும், சூடு குறையக் குறைய இடைவெளி நீளும், அடுத்தது வருமா வராதா என்று காத்திருக்கும்போதே தூக்கம் வந்துவிடும், தூக்கத்துக்குள் எங்கேயோ தூரத்தில் கடல் திரும்பி வந்துகொண்டிருக்கும். அவ்வளவு நிம்மதியாக நான் அப்புறம் தூங்கவில்லை.

இப்போது வீட்டு வாசலில் ஹிமாலயன் பைக் நிற்கிறது, எந்த ராஜ்தூத்துக்கும் வராத விலையில். ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போகிறேன். ஹெல்மெட்டுக்குள் ப்ளூடூத். வழியெல்லாம் தார். கடல் இடப்பக்கம் வந்துகொண்டே இருக்கிறது, எந்த நேரத்திலும், திதி பார்க்காமல். வீட்டுக்கு வந்து நிறுத்தினால் டிக் டிக் சத்தம் இதிலும் கேட்கிறது. கொஞ்ச நேரம் நின்று கேட்பேன். லிஃப்ட் வந்துவிடும்.

மூன்று வருஷம் முன்னால் மந்தார்மணிக்குக் காரில் போனேன். நாங்கள் படுத்த கரை எது என்று தெரியவில்லை; வரிசையாக ஹோட்டல்கள். 2021 மே மாதம் யாஸ் புயல் சங்கர்பூர், தாஜ்பூர்க் கரையைப் புரட்டிப் போட்டதன் தழும்பு சில இடங்களில் மிச்சமிருந்தது. திகாவிலிருந்து வசதியான கடலோரச் சாலை வந்துவிட்டது. மணலில் வண்டி ஓட்டத் தடை. விபத்துகளில் உயிர்கள் போன பிறகு வந்த தடை, சரியான தடை. நான் வேறு சொல்ல முடியாது. ஏனென்றால் தாஜ்பூரில் ஆளரவமில்லாத ஒரு திட்டில் சிவப்பு நண்டுகளைப் பார்த்தேன். குங்குமம் கொட்டிய மாதிரி ஆயிரக்கணக்கில், காலடி அதிர்ந்ததும் ஒரே கணத்தில் வளைக்குள். 1994-இல் அவை ஓடி மறைவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனோம். எல்லாம் மறைந்திருக்காது. டயரைத் திரும்பிப் பார்க்கும் வயது இல்லை அது. நான் இத்தனை வருஷமாக ஏங்கிக்கொண்டிருப்பது எதற்கென்று அந்த நண்டுகளிடம் போய்ச் சொல்ல முடியாது.

லேக் மார்க்கெட்டில் பழைய மார்க்கெட் இருந்த இடத்தில் மால். பூக்காரர்கள் வெளியே நடைபாதையில் இருக்கிறார்கள், வாழையிலையும் கறிவேப்பிலையும் இருக்கின்றன, "வாங்கம்மா" என்று தமிழில் கூப்பிடும் வங்காளி வியாபாரியும் இருக்கிறார். கூப்பிடத்தான் அத்தனை அம்மாக்கள் இல்லை. பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போனார்கள், பின்னாலேயே பெற்றோரும் போனார்கள். எங்கள் வீட்டாரும்தான். அம்மா கடைசிவரை வேளச்சேரிப் பால்கனியில் கயிறு ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள். கீழே யாரும் நிற்கவில்லை.

மணி போன இடம் தெரியவில்லை. பாப்பாய் புனேயில். பல்ட்டு டொராண்டோவில், பேரன் எடுத்துவிட்டான். போன மாதம் கூப்பிட்டான், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு. குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, ஆனால் அதே குரல். எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன், எதற்கென்று தெரியவில்லை.

வங்காளத்தில் 'டா' போட்டுப் பேசுகிறவனிடம் 'கெமோன் ஆச்சிஸ்' என்று கேட்பார்கள். கொஞ்சம் தள்ளி நிற்கிறவனிடம் 'கெமோன் ஆச்சோ'.

பல்ட்டு என் ரேஷன் கார்டுப் பெயரைச் சொன்னான். "கெமோன் ஆச்சோ?" என்றான்.

நன்றாக இருக்கிறேன் என்றேன்.