ஆயிரத்துப் பதினைந்து படிகளில் சில்வண்டுக் கச்சேரி

ஜப்பான் கோடை என்றால் வெயில் மட்டுமில்லை, சில்வண்டுச் சத்தமும்தான். குற்றாலம், கொடைக்கானல் பக்கம் நாம் கேட்கிறோமே, அதே ஜாதி. ஆனால் அங்கே நடு ஊரில், தெருவோர மரத்தில் உட்கார்ந்தே அமர்க்களப்படுத்தும். 'ஸெமி' என்று பெயர். 30க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு.

என் மகள் இருப்பது வடக்கே ஸெண்டாய் நகரில். ஐந்து மாதக் கைக்குழந்தை. "இந்த இரைச்சல்ல குழந்தை எப்படிம்மா தூங்கும்?" என்று புழுக்கத்திலும் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, அழாத குறையாக உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுப் பாட்டிதான் ஒரு நாள் வந்து ஜன்னலைத் திறந்தார். "எது எதுன்னு தெரிஞ்சுட்டா தொந்தரவாவே இருக்காது" என்றார். மாப்பிள்ளை தமிழில் சொல்ல, நாங்களும் கற்றுக்கொண்டோம்.

முதலில் வருவது 'நீநீ'. சின்னது. சுருதிப்பெட்டி மாதிரி ஒரே சீராக இழுக்கும். அடுத்தது 'அபுரா'. அந்தச் சொல்லுக்கு எண்ணெய் என்று அர்த்தம். பிற்பகலில் கேளுங்கள், காய்ந்த எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தமேதான்! 'மின்மின்' பகலில் தன் பெயரையே நீட்டி நீட்டிச் சொல்லும். விடியலிலும் அந்தியிலும் 'கன கன கன' என்று மணி குலுக்குவது 'ஹிகுராஷி'. கோடைக் கடைசியில் 'ட்சுகுட்சுகுபோஷி' பாடினால், லீவு முடியப் போகிறதே என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு வயிற்றில் புளி கரையும்!

பாடுவதெல்லாம் ஆண் வண்டுதான். வயிற்றின் இருபுறமும் உள்ள சவ்வை அதிரவைக்கும். உள்ளே காலியாக இருக்கும் வயிறு, தம்புராக் குடம் போல அந்த ஒலியைப் பெருக்கும்.

ஜூலையில் எல்லோருமாக யமாதேரா மலைக்கோயிலுக்குப் போனோம். ஸெண்டாயிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். 1689ல் பாஷோ என்ற கவிஞர் இங்கே வந்து சில்வண்டைப் பற்றிப் பாடிய குட்டிக் கவிதை ஜப்பானில் ரொம்பப் பிரசித்தம். அவர் கேட்டது எந்த வண்டு என்று பெரிய சர்ச்சையே நடந்தது. 'அபுரா' என்று 1926ல் எழுதினார் ஸாய்தோ மோகிச்சி என்ற கவிஞர். 'நீநீ' என்றார் கொமியா தோயோதகா என்ற அறிஞர். பாஷோ வந்தது ஜூலை நடுவில். அந்த மலையில் அப்போது 'நீநீ'தான் பாடும் என்று மோகிச்சி கடைசியில் ஒப்புக்கொண்டார்.

மேலே போக 1015 படிகள். குழந்தைத் தள்ளுவண்டி உதவாது. மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும். வெயிலுக்கு முன்பே கிளம்புங்கள். தண்ணீர், குல்லா மறக்காதீர்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குத் தாகம் அதிகம். எங்கள் பெண் நின்று நின்றுதான் ஏறினாள். உச்சியில் பள்ளத்தாக்கைப் பார்த்த மண்டபம் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் 'நீநீ' சுருதி பிடிக்க, பேரன் தூங்கியே போனான். "பாரும்மா, இத்தனை சத்தத்துல!" என்று அவள் சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சில்வண்டுக்கு ஆயுசு ஒரு வாரம் என்பார்கள். ஒகயாமாவில் பள்ளி மாணவர் ஒருவர் வண்டுகளுக்கு அடையாளமிட்டுப் பார்த்ததில், 'அபுரா' ஒன்று 32 நாள் இருந்தது 2019ல் தெரியவந்தது. அதற்கு முன் பல வருஷம் மண்ணுக்குள், வேரின் சாற்றைக் குடித்தே வளர்கிறது. வெளியே வர மண் வேண்டுமே! நம் வீட்டு மரத்தடியைச் சிமெண்ட் பூசி மூடாமல், கொஞ்சம் மண்ணாகவே விட்டு வைப்போம்.