டைன் நதிக்கரைக் குரல்

மாணவப் பருவத்தில், மேடையில் நான் வாய் திறந்ததும் சிரித்தனர் சிலர். என் ஊர்ப் பேச்சு அவர்கட்கு வேடிக்கை! நாணித் தலை கவிழ்ந்தேன். ஜோசப் கோவனை அன்று நான் அறிந்திலேன்.

இங்கிலாந்தின் வடபுலத்தார் அவர். செங்கற்சூளை அதிபரின் மகன். 1859 முதல் 'நியூகாசில் கிரானிக்கிள்' ஏட்டின் உரிமையாளர். செல்வர்தாம், ஆனால் உடுத்தியதோ உழைப்பாளியின் உடை! கடல் கடந்து சென்ற செங்கற் சரக்கினுள், ஐரோப்பியப் புரட்சியாளரின் ஏடுகளை ஒளித்தனுப்பிய நெஞ்சுரம் அவருடையது. 1871-இல் ஒன்பது மணி நேர வேலைநாள் கேட்டுத் தொழிலாளர் போராடினர். முதலாளியின் ஏடு தொழிலாளர் பக்கம் நின்றது!

1874-இல் பாராளுமன்றம் புகுந்தார். 1876-இல் வந்தது, விக்டோரியாவுக்கு 'இந்தியப் பேரரசி' எனும் பட்டம் சூட்டும் மசோதா. எதிர்த்து எழுந்தார் கோவன், டைன் நதிக்கரை உச்சரிப்போடு! கனவான்கள் பலர் அவர் சொல்லைப் பின்தொடரத் திணறினர். மசோதா நிறைவேறிவிட்டது, உரையின் புகழோ பரவிற்று.

ரஷ்யா மீதிருந்த வெறுப்பால், பின்னர் டிஸ்ரேலியின் வெளிநாட்டுக் கொள்கையையே ஆதரித்தார். அது எனக்கு உவப்பன்று. எனினும், 1886-இல் அவையை விட்டு விலகும்வரை அவர் நாவில் ஒலித்தது அதே டைன் நதிக்கரைப் பேச்சுத்தான்.